ரியாக்ட் 19: ஃபார்ம் எழுதுபவர்களுக்கு வந்த நல்ல காலம்

வெப் பக்கங்களில் ஃபார்ம் எழுதுவதே பிழைப்பாக இருப்பவர்கள், திரைகளைக் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான ரியாக்ட்டின் 19-ஆம் பதிப்பை இனியும் தள்ளிப்போட வேண்டாம். 2024 டிசம்பரிலேயே வந்துவிட்ட பதிப்பு இது. மதுரையில் என்னைப் போல சின்ன டீமில் இருப்பவர்களுக்கு பில், ஆர்டர், அட்மிஷன் என்று நாள் முழுக்க ஃபார்ம்தான். அங்கேதான் இது கைகொடுக்கிறது.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு அண்ணனுக்கு நாங்கள் செய்து கொடுத்த ஆர்டர் பக்கத்தையே எடுத்துக்கொள்கிறேன். என்ன பூ, எத்தனை கிலோ, யாருக்கு. அவ்வளவுதான் ஃபார்ம். ஆனாலும் முன்பு லோடிங்கை நினைவில் வைக்க ஒரு யூஸ்ஸ்டேட், எர்ரருக்கு ஒன்று, பக்கம் ரீலோட் ஆகாமல் தடுக்க பிரிவென்ட்டிஃபால்ட், பிழையைப் பிடிக்க ட்ரை-கேட்ச் என்று இழுத்துக்கொண்டே போகும். இப்போது ஃபார்மின் ஆக்‌ஷனுக்கே அனுப்பும்போது ஓட வேண்டிய ஃபங்ஷனைக் கொடுத்துவிடலாம். யூஸ்ஆக்‌ஷன்ஸ்டேட்டைக் கூப்பிட்டால் கடைசியாக வந்த பதில், ஃபார்மில் மாட்ட வேண்டிய ஆக்‌ஷன், வேலை இன்னும் ஓடுகிறதா என்று சொல்லும் பெண்டிங், எல்லாம் ஒரே வரியில் கிடைக்கிறது. அந்தப் பெண்டிங்கை வைத்து பட்டனை டிசேபிள் செய்ததும், விடியற்காலை அவசரத்தில் ஒரே ஆர்டர் இரண்டாகப் பதிவாகும் தொல்லை நின்றது.

ஒரு இடத்தில் கவனம். ஆக்‌ஷன் முடிந்ததும் அன்கன்ட்ரோல்டு இன்புட்டுகளை (மதிப்பை ஸ்டேட்டில் வைக்காமல் பிரவுசரிடமே விட்ட பெட்டிகளை) ரியாக்ட் தானே ரீசெட் செய்துவிடும். ‘கிலோ போடவில்லை’ என்று நாம் எர்ரரை ரிட்டர்ன் செய்தாலும், அதன் கணக்கில் ஆக்‌ஷன் நல்லபடியாக முடிந்ததுதான். அடித்து வைத்த பூப்பெயரும் வாங்குபவர் பெயரும் சேர்ந்து காணாமல் போனால் கடையில் நிற்பவருக்கு எரிச்சல் வராதா? டைப் செய்த மதிப்புகளையும் எர்ரரோடு சேர்த்து ரிட்டர்ன் செய்து, இன்புட்டின் தொடக்க மதிப்பான டிஃபால்ட்வேல்யூவில் கொடுங்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து.

எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் அதிகம் முட்டிக்கொள்வது, ஃபார்ம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறதா என்று சொல்லும் யூஸ்ஃபார்ம்ஸ்டேட்டஸில். அதை ஃபார்முக்கு உள்ளே இருக்கும் தனி காம்போனென்ட்டில்தான் (திரையின் ஒரு துண்டைத் தரும் ஃபங்ஷன்) கூப்பிட வேண்டும். ஃபார்மை ரெண்டர் செய்யும் அதே காம்போனென்ட்டில் கூப்பிட்டால் பெண்டிங் எப்போதும் ஃபால்ஸ்தான். எர்ரரும் வராது, ஏன் என்றும் புரியாது.

யூஸ்ஆப்டிமிஸ்டிக், சர்வர் பதில் சொல்லும் முன்பே திரையில் மாற்றத்தைக் காட்டும். சர்வர் மறுத்தால் பழைய நிலைக்குத் திரும்பும். ‘டெலிவரி ஆச்சு’ என்று டிக் போடுவதற்கு அருமை. காசு விஷயத்தில் நான் தொடமாட்டேன். மல்லி விலை மணிக்கு ஒரு பேச்சாக மாறும் ஊரில், உறுதியாகாத தொகையைத் திரையில் காட்டினால் பிறகு பதில் சொல்லி மாளாது.

காம்போனென்ட்டுக்குள் இருக்கும் இன்புட்டை வெளியிலிருந்து தொட உதவும் ரெஃபை உள்ளே அனுப்ப இனி ஃபார்வர்ட்ரெஃப் தேவையில்லை, மற்ற மதிப்புகளைப் போல அது சாதாரண ப்ராப்பாகவே வரும். டைட்டில் டேகை காம்போனென்ட்டுக்குள்ளேயே எழுதலாம். இரண்டும் நிம்மதி.

பழைய ப்ராஜெக்ட் என்றால் முதலில் 18.3-க்குப் போங்கள். நீக்கப்படப்போகும் ஏபிஐகளை (ரியாக்ட் தரும் பழைய வசதிகளை)ப் பற்றிய எச்சரிக்கைகள் கன்சோலில் வரும். அவற்றைச் சரிசெய்த பிறகு 19 போடலாம். காம்போனென்ட்டுக்கு வரும் மதிப்புகள் சரியான வகையா என்று பார்க்கும் ப்ராப்டைப்ஸ் சரிபார்ப்பை 19 சத்தமில்லாமல் விட்டுவிடும் என்பதால், அதை நம்பியிருந்த இடங்களை நாங்கள் டைப்ஸ்கிரிப்டுக்கு மாற்றிவிட்டுத்தான் ஏறினோம்.