ரிமோட் சீரியல் கன்சோல்: அணைத்தாலும் அணையாத போர்டு

"ரிமோட் கன்சோல் நீ ரொம்ப நாளாக வைத்திருக்கிறாயே, நானும் போடலாமா?" என்று நண்பன் கேட்டான். ஒரு சின்னக் கணினி போர்டின் சீரியல் போர்ட்டில் வரும் எழுத்துகளைத் தொலைவிலிருந்து பார்த்து, கட்டளையும் தட்டுகிற ஏற்பாடு அது. போடு என்று சொல்ல வாய் வரவில்லை.

அமைப்பு வழக்கமானதுதான். ஒரு ராஸ்பெர்ரி பை (இதுவும் ஒரு சின்னக் கணினிதான்), அதில் சீரியல் போர்ட்டை நெட்வொர்க்கில் திறந்துவிடும் செர்டூநெட் மென்பொருள், போர்டோடு இணைக்க யூஎஸ்பி-சீரியல் அடாப்டர், நொடிக்கு 115200 பிட் வேகம். செர்டூநெட்டுக்கு டெல்நெட்டில் போவதெல்லாம் அப்படியே வெளியில் தெரியும் என்பதால், எல்லாவற்றையும் மறைத்து அனுப்பும் எஸ்எஸ்எச் டனல் வழியாகத்தான் போவேன். போர்டின் பவரைத் தொலைவிலிருந்தே போட்டு அணைக்க ஒரு ரிலே.

இதில் கிடைக்கிற சுகமே தனி. கர்னல் பேனிக் ஆகி, அதாவது போர்டின் இயங்குதளமே நிலைகுலைந்து, எஸ்எஸ்எச் செத்துக் கிடந்தாலும் கடைசி வரி திரையில் நிற்கும். அடாப்டருக்குக் கரண்ட் பை-யிலிருந்து வருகிறது. அதனால் போர்டை அணைத்துப் போட்டாலும் இணைப்பு அறுவதில்லை. போர்டைத் துவக்கும் யூ-பூட் மென்பொருளின் முதல் எழுத்திலிருந்தே பார்க்கலாம். இயங்குதளம் ஏறும் முன் கவுண்ட்டவுன் ஓடும் இரண்டு விநாடிக்குள் ஒரு கீயைத் தட்டி நிறுத்தவும் செய்யலாம்.

வினையும் அங்கேதான். சும்மா இருக்கும்போது அடாப்டரின் டிஎக்ஸ் (அனுப்பும்) பின் 3.3 வோல்ட்டில் நிற்கும். ரிலேயை அணைத்த பிறகும் அது போர்டின் ஆர்எக்ஸ் (பெறும்) பின்னுக்குள் போய், அங்கிருக்கும் பாதுகாப்பு டையோடு வழியாக சப்ளை லைனில் கசிகிறது. போர்டு ஓடுவதும் இல்லை, ஒழுங்காக அணைவதும் இல்லை. பக்கத்தில் இருந்தால் எல்இடி மங்கலாக எரிவதைப் பார்த்து ஒயரைப் பிடுங்கிவிடலாம். தொலைவில் இருப்பவனுக்கு வெற்றுத் திரைதான். ஆஃப், ஆன், ஆஃப், ஆன். ஓர் எழுத்து வராது. மீட்டரை வைத்துப் பார்த்தால், செத்திருக்க வேண்டிய 3.3 வோல்ட் லைனில் ஒரு வோல்ட்டுக்கு மேல் உயிர் இருக்கிறது!

டிஎக்ஸில் 1 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டேன். கசிவு குறைந்தது, நிற்கவில்லை. போன வாரம், இரு பக்க மின்சாரத்தையும் பிரித்து வைத்து சிக்னலை மட்டும் கடத்தும் ஐசொலேட்டர் உள்ள அடாப்டருக்கு மாறினேன். அதன் ஒரு பக்கம் போர்டின் 3.3 வோல்ட்டிலேயே இயங்குகிறது. போர்டு அணைந்தால் அந்தப் பக்கமும் அணைந்துவிடும். இப்போது அணை என்றால் அணைகிறது.

பழைய அடாப்டரின் விவரத்தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. அதனால் நண்பனிடம் சொன்னது இதுதான்: ஐசொலேட்டர் வாங்குவதாக இருந்தால் போடு. இல்லையா, போர்டை மேசை மேலேயே வைத்துக்கொள், ரிமோட் கன்சோலே வேண்டாம்.