மோனோரயிலைப் புதுப்பித்து நான்கு ஆண்டுகள்: வண்டியைப் பார்த்தோம், பீமைப் பார்க்கவில்லை

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள ஒரு கேளிக்கைப் பூங்காவில் பராமரிப்புப் பிரிவைக் கவனித்து வருகிறேன். எங்கள் மோனோரயில் சிறியது. நான்கு பெட்டிகள், பெட்டிக்கு 8 பேர், தங்கும் விடுதியில் புறப்பட்டு நீர் விளையாட்டுப் பகுதியைச் சுற்றி விடுதிக்கே திரும்பும் 800 மீட்டர் பாதை. 16 ஆண்டுகள் ஓடிக் களைத்த அந்த வண்டியைக் கழித்துவிட்டுப் புதிது வாங்குவதா, பிரித்துப் புதுப்பிப்பதா என்ற கேள்விக்கு, பெருந்தொற்றால் பூங்கா மூடிக் கிடந்த மாதங்களில் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தோம். 2021இன் இறுதியில் மீண்டும் ஓடத் தொடங்கிய வண்டி இப்போது நான்கு ஆண்டுகளைக் கடந்திருக்கிறது. இதே கேள்வியோடு விலைப்புள்ளிகளைப் புரட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு எங்கள் அனுபவம் உதவக்கூடும்.

புதிது வாங்காததற்குப் பணம் மட்டும் காரணமன்று. மோனோரயிலில் வண்டியும், தூண்களின் மேல் அமர்ந்து அது கவ்வி ஓடும் பாதையாக இருக்கும் ஒற்றை உத்தரமான பீமும் ஒன்றுக்கென்றே ஒன்று அளவெடுத்துச் செய்தவை. இருப்புப்பாதையில் உள்ளதுபோல் எல்லாரும் ஏற்றுக்கொண்ட அகலம் இதில் கிடையாது. ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் பீமின் அகலம் 66 சென்டிமீட்டர். ஜப்பானிய நகர மோனோரயில்களில் அது 80 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் இருக்கும். எங்களுக்கு விலைப்புள்ளி அனுப்பிய இரண்டு நிறுவனங்களுமே பீமையும் சேர்த்து மாற்றினால்தான் தங்கள் வண்டியைத் தர முடியும் என்றன. சிங்கப்பூரின் செந்தோசாவில் அப்படித்தான் செய்தார்கள்: 1982 முதல் ஓடிய மோனோரயிலை 2005இல் நிறுத்திவிட்டு, புதிய பாதையில் புதிய வண்டியை 2007இல் தொடங்கினார்கள். ஆனால் எங்கள் கண்ணில் பட்டவை வேறு உதாரணங்கள். ஃபுளோரிடாவில் 1971இன் பீம்கள் நின்ற இடத்திலேயே நிற்க, 1989 முதல் வண்டிகள் மட்டும் மாறின. டோக்கியோ டிஸ்னியில் 2001இல் வந்த வண்டிகளுக்குப் பதிலாக 2020 முதல் அதே பாதையில் புதியவை வந்தன. சியாட்டிலில் 1962ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சிக்காக ஓடத் தொடங்கிய இரண்டு வண்டிகளும் பழுதுபார்க்கப்பட்டு இன்றும் ஓடுகின்றன. வண்டிக்குத்தான் வயதாகும், பீமுக்கு ஆகாது என்று இவற்றைப் பார்த்து நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம். ஃபுளோரிடாவிலும் சியாட்டிலிலும் இருப்பவை முன்தகைவுக் கான்கிரீட் (உள்ளே எஃகுக் கம்பிகளை இழுத்து இறுக்கி வார்த்த கான்கிரீட்) பீம்கள், எங்களுடையது இரும்புத் தகடுகளைப் பற்றவைத்துச் செய்த பெட்டிப் பீம் என்பதை அன்று யாரும் நின்று யோசிக்கவில்லை. நானும்தான்.

புதுப்பித்ததில் முழுத் திருப்தி தந்தது மோட்டார் வேலை. கார்பன் பிரஷ் வைத்த பழைய டிசி மோட்டார்களைக் கழற்றிவிட்டு ஏசி மோட்டார்களும் அவற்றின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்களும் பொருத்தினோம். மாதந்தோறும் பிரஷ் மாற்றும் வேலை அடியோடு ஒழிந்தது. புறப்படும்போது முதுகில் பிடித்துத் தள்ளியதுபோல இருந்த அந்தப் பழைய உதறலும் போயிற்று. டிரைவ் பேனலுக்குள் வெப்பம் ஏறிச் சித்திரை வெயிலில் இரண்டு முறை நின்றதைத் தவிர இதில் குறையில்லை. பேனலின் மேல் ஒரு தகரக் கூரையும் கூடுதலாக ஒரு மின்விசிறியும் வைத்தபின் அதுவும் தீர்ந்தது.

சக்கரங்களில்தான் கதை தொடங்கியது. பழைய ரப்பர் சக்கரங்கள் வெடித்துத் தேய்ந்திருந்ததால், ஓசூர் சிப்காட்டில் உள்ள ஒரு பட்டறையில் பாலியூரித்தேன் என்ற, ரப்பர் போன்ற உறுதியான பிளாஸ்டிக்கைப் பூசிய புதிய சக்கரங்களைச் செய்து வாங்கினோம். தேய்மானத்தில் அவை பழையவற்றைவிட மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஓடத் தொடங்கிய முதல் மார்கழியிலேயே, நீர்ச்சறுக்குக் கோபுரத்தைத் தாண்டியதும் வரும் வளைவில் பெட்டிகள் வரிசையாக ‘தடக்’ என்று தூக்கிப் போடத் தொடங்கின. பாலக்கோட்டிலிருந்து பேரப்பிள்ளைகளுடன் வந்திருந்த ஓர் அம்மா இறங்கும்போது, “ஏஞ் சாமி, புது வண்டின்னு சொன்னாங்க, கல்லு மேல ஏறுன மாட்டு வண்டியாட்டம் தூக்கிப் போடுதே?” என்று என்னிடமே கேட்டார். சக்கரம் கடினமாகிவிட்டது என்று பட்டறையைக் குறை சொன்னோம். அவர்களும் சற்று மென்மையான கலவையில் ஒரு தொகுதி செய்து கொடுத்தார்கள். பலனில்லை.

உண்மையைக் காட்டிக் கொடுத்தது நேரம்தான். காலை முதல் ஓட்டத்தில் பலமாக இருக்கும் அதிர்ச்சி, வெயில் ஏற ஏறக் குறைந்து பிற்பகலில் ஏறத்தாழ மறைந்துவிடும் என்று ஓட்டுநர் ஒருவர் சொன்னார். பனி விலகாத ஒரு காலையில் இடுப்புப் பட்டியை மாட்டிக்கொண்டு பீமின் மேல் நடந்து பார்த்தேன். அந்த வளைவின் இணைப்புகளில் என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. இடைவெளியின் ஒரு விளிம்பு மறு விளிம்பைவிட ஒரு நூல் அளவு தாழ்ந்தும் இருந்தது. எங்கள் பீம் 30 மீட்டருக்கு ஓர் இணைப்பு கொண்டது. இரும்பு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.012 மில்லிமீட்டர் நீளும். குளிர்காலக் காலைக்கும் கோடை நண்பகலில் கொதிக்கும் இரும்புக்கும் 40 டிகிரி வேறுபாடு என்று வைத்தாலும் 30 மீட்டருக்கு 14 மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது. குளிரில் பீம் சுருங்க இடைவெளி திறக்கிறது. சக்கரம் அதில் இறங்கி ஏறுகிறது. பழைய ரப்பர் இத்தனை ஆண்டுகளாக அதை விழுங்கிக்கொண்டிருந்தது, புதிய சக்கரம் விழுங்கவில்லை, அவ்வளவுதான். வண்டியைப் புதுப்பிக்கப் போய்ப் பாதையின் நோயை வெளிக்கொண்டுவந்திருக்கிறோம் என்பது அன்றுதான் புரிந்தது. பட்டறைக்காரரிடம் வருத்தம் தெரிவித்தேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த வேலைக்கும் விலை சொன்னார்.

அந்த வேலை, நேராக வெட்டிய இணைப்புகளுக்குப் பதிலாக, இரு கை விரல்களைக் கோத்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பல் தகடுகளைப் பொருத்துவது. இடைவெளி எவ்வளவு திறந்தாலும் சக்கரத்தின் அடியில் எப்போதும் ஏதாவது ஒரு பல் இருக்கும். கூடவே, தூண்களின் மேல் பீம் அமர்ந்திருக்கும் தாங்கிகளையும் மட்டம் பார்த்து உயர்த்தினோம். மொத்தமுள்ள 27 இணைப்புகளில் மோசமான 9 இணைப்புகளை முதலில் முடித்தோம். அந்த வளைவில் இப்போது மார்கழிக் காலையிலும் தேநீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு போகலாம்.

மின்சாரம் எடுக்கும் ஷூக்கள் இன்னும் தொல்லை தருகின்றன. பீமின் பக்கவாட்டில் ஓடும் பஸ்பாரில், அதாவது மின்சாரம் பாயும் உலோகப் பட்டையில், ஷூவின் கார்பன் கட்டை உரசி மின்சாரம் எடுக்கிறது. இப்பகுதியின் கிரானைட் குவாரித் தூசி பனியோடு சேர்ந்து பஸ்பாரின் மேல் சாம்பல் பசையாகப் படிவதால், முதல் ஓட்டத்தில் விளக்குகள் சிமிட்டும். உலர்ந்த துணி கட்டிய ஒரு கோலால் விடியலில் பஸ்பார் முழுவதையும் துடைத்த பிறகே வண்டியை எடுக்கிறோம். 2025 ஆகஸ்டில் பெருமழையின்போது மும்பை மோனோரயில் நடுவழியில் நின்று நூற்றுக்கணக்கானோரை ஏணி வைத்து இறக்கியபோது, அளவுக்கு மீறிய எடையால் மின்தடத்துக்கும் ஷூவுக்கும் இடையே தொடர்பு அறுந்ததாக நிர்வாகம் விளக்கியது. அதைப் படித்த மறுநாளே பெட்டிக்கு 8 பேர் என்பதை நுழைவாயிலில் கண்டிப்பாக்கினேன். மடியில் குழந்தையை வைத்துக்கொள்கிறோம் என்று வாதிடுவோரிடம் வாங்கும் திட்டுகளைச் சம்பளத்தின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன்.

வெளித்தோற்றத்துக்குச் செலவிட்டது மிகை. வழவழப்பான புதிய ஃபைபர் உடலும் திறக்க முடியாத பெரிய கண்ணாடிகளும் படங்களில் அழகாக இருந்தன. மாம்பழப் பருவத்தில், மாங்கனிக் கண்காட்சிக்கு வந்த கூட்டம் இங்கும் திரளும் நாட்களில், உள்ளே அமர்ந்தவர்கள் வெந்துபோனார்கள். கண்ணாடியின் மேல்பகுதியை அறுத்துக் காற்றுத் திறப்பு வைக்க வேண்டியதாயிற்று.

மொத்தச் செலவு, பீம் வேலையையும் சேர்த்து, புதிய வண்டிக்கான விலைப்புள்ளியில் பாதியைத் தொடவில்லை. அதைவிட முக்கியம், இன்று எந்த உதிரிப்பாகம் போனாலும் 50 கிலோமீட்டருக்குள் செய்துகொள்ள முடிகிறது. வெளிநாட்டு வண்டிகளுக்கு உதிரி கிடைக்காமல் மும்பை பட்ட பாட்டை நினைத்தால் இதன் அருமை தெரியும். ஆகவே புதுப்பித்த முடிவில் எனக்கு வருத்தமில்லை, செய்த வரிசையில்தான் வருத்தம். இரும்புப் பீம் வைத்திருப்பவர்கள் ஆய்வுக்கு ஆள் அழைத்தால் குளிர்காலத்தில் விடியற்காலையில் அழைக்க வேண்டும். நண்பகலில் வருபவருக்கு எல்லா இணைப்பும் நன்றாகவே தெரியும். மீதி 18 இணைப்புகளுக்கான தகடுகள் வெட்டி வந்து கிடங்கில் இருக்கின்றன. பொங்கல் விடுமுறைக் கூட்டம் கலைந்ததும் பொருத்தப்போகிறோம்.