சிக்னல் இல்லாத மலையில் வழி சொல்லும் மேப்: 14 மாத அனுபவம்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது எந்தக் கொண்டை ஊசி வளைவில் போனில் கோடு குறையும், எந்த எஸ்டேட்டைத் தாண்டினால் சுத்தமாகப் போய்விடும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். என் பிழைப்பு அப்படி. அம்மாபேட்டையில் எங்களுக்குச் சின்னதாக ஒரு இன்வெர்ட்டர் சர்வீஸ் கடை இருக்கிறது. மாதத்தில் ஐந்தாறு நாள் டிஸ்டில்ட் வாட்டர் கேன், பேட்டரித் தண்ணியைச் சோதிக்கும் ஹைட்ரோமீட்டர், ஸ்பேனர் பை எல்லாவற்றையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு மலை ஏறுவேன். தங்கும் விடுதிகள், சர்ச்சுகள், எஸ்டேட் குவார்ட்டர்ஸ், ஊருக்குள் இருக்கும் வீடுகள் என்று அறுபதுக்கு மேல் வாடிக்கையாளர்கள் மேலே இருக்கிறார்கள்.

மலையில் யாரும் கதவு எண் சொல்வதில்லை. "வாழவந்தி ரோட்டுல வாங்க, ரெண்டாவது பாலம் தாண்டி, சில்வர் ஓக் வரிசை முடியற எடத்துல இடது பக்கம் ஒரு மண் ரோடு போகும்." இதுதான் முகவரி. மண் ரோடு மூன்று இருந்தால் மூன்றிலும் போய்ப் பார்க்க வேண்டியதுதான்.

போன வருடம் ஐப்பசி மழையில் ஒரு நாள் நன்றாக மாட்டிக்கொண்டேன். எல்லோரும் வைத்திருக்கும் ஒரு மேப் செயலியைத்தான் நானும் வைத்திருந்தேன். சிக்னல் போனதும் திரை முழுக்க வெளுத்துப்போய், நடுவில் நான் நிற்கும் இடத்துக்கான புள்ளி மட்டும் இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அது காட்டிய வழியை நினைவில் வைத்துக்கொண்டு போனேன். இரண்டு கிலோமீட்டர் தாண்டிப் பூட்டிய எஸ்டேட் கேட்டில் போய் நின்றது ரோடு. பனிமூட்டம் வேறு இறங்கிவிட்டது. மிளகுக் கொடிக்குக் கீழே வேலையாக இருந்த ஒரு அக்காதான், "இந்த வழிய மூடி ரெண்டு வருசம் ஆச்சு சாமி, திரும்பிப் போயிரு" என்று சொல்லி அனுப்பினார்.

அன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து தேடியபோது கிடைத்தது ஆர்கானிக் மேப்ஸ் என்கிற செயலி. 14 மாதமாக அதை மட்டுமே நம்பி மலை ஏறுகிறேன், இறங்குகிறேன். நம்மைப் போல வேலை நிமித்தம் மலைக்கும் காட்டுக்கும் போகிறவர்கள் எல்லோர் போனிலும் இது இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நிறையப் பேர் சிக்னல் போனால் ஜிபிஎஸ்ஸும் போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜிபிஎஸ் என்பது சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து நேரடியாக நம் போனுக்கு வருவது. நாலு செயற்கைக்கோள் தெரிந்தால் போதும், நாம் நிற்கும் இடத்தைப் போனே கணக்குப் போட்டுவிடும். அதற்கு சிம் கார்டே வேண்டாம். அன்றைக்கு எனக்கு இல்லாமல் போனது மேப் படம்தான். அந்தப் படத்தை வீட்டு வைஃபையில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. தேடுவது, வழி போடுவது எல்லாம் போனுக்குள்ளேயே நடந்துவிடுகிறது.

ஒரு சின்னப் பழக்கம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறை அனுப்பிக்கொண்டே இருக்கும். நெட் இருந்தால் போன் அதைச் சட்டென்று அங்கிருந்து வாங்கிக்கொள்ளும். நெட் இல்லாத இடத்தில் புதிதாக ஆரம்பித்தால் வானத்திலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் நான் அடிவாரத்தில் டீ குடிக்கும்போதே செயலியைத் திறந்து, அம்புக்குறி சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் வளைவு ஏறுவேன். சார்ஜ் குறைவாக இருந்தால் போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிடுவேன். என் போனில் அப்போதும் ஜிபிஎஸ் வேலை செய்கிறது. சிக்னலைத் தேடித் தேடி பேட்டரி காலியாவதும் நிற்கிறது.

செயலிக்குக் காசு இல்லை, விளம்பரம் இல்லை, கணக்கு தொடங்கச் சொல்வதும் இல்லை. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் கிடைக்கிறது. மேப்ஸ்.மீ என்று முன்னால் ஒன்று இருந்ததே, அதைத் தொடங்கியவர்களே, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்து வைத்திருந்த அதன் மூலநிரலிலிருந்து கிளை பிரித்து ஆரம்பித்தது இது. நன்கொடையில் ஓடுகிறது. 2025இல் இதிலிருந்தும் கோமேப்ஸ் என்று ஒரு கிளை பிரிந்திருக்கிறது. அதை நான் இன்னும் மலையில் வைத்துப் பார்க்கவில்லை.

என் வேலைக்கு ரொம்பப் பிடித்தது குறிப்புகள். ஒவ்வொரு வாடிக்கையாளர் வீட்டு வாசலிலும் நின்று ஒரு புள்ளி வைத்து, கூடவே எழுதிவிடுவேன். "150 ஏஎச் டியூபுலர் பேட்டரி, சித்திரையில் தண்ணி ஊத்தியது." "நாய் உண்டு, கேட்டில் நின்று ஹார்ன் அடிக்கவும்." "கடைசி 200 மீட்டர் வண்டி ஏறாது, நடக்கணும்." தண்ணி ஊற்ற வேண்டிய வீடுகளுக்கு ஒரு நிறம், பேட்டரி மாற்ற வேண்டிய வீடுகளுக்கு வேறு நிறம். மொத்தப் பட்டியலையும் ஒரே கோப்பாக எடுத்து வாட்ஸப்பில் அனுப்பலாம். எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் தம்பி அதை வைத்துக்கொண்டே ஒன்பது வீடு பார்த்துவிட்டு வந்தான். அதற்கு முன்னால் அவன் ஏற்காடு ஏரியைத் தாண்டிப் போனதே கிடையாது.

அடுத்தது உயரக் கோடுகள். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைத்துப் போடும் மெல்லிய கோடுகள் இவை. நெருங்கி இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சமம். சேர்வராயன் கோயில் பக்கம் 5,300 அடியைத் தாண்டும் மலை இது. படத்தில் அரை கிலோமீட்டர்தானே என்று தோன்றும் பாதை, ஏறிப் பார்த்தால் உயிரை வாங்கிவிடும். கேனும் ஸ்பேனரும் சேர்ந்து பதினெட்டு கிலோ சுமை இருக்கும்போது இந்தக் கோடுகளைப் பார்க்காமல் நான் எந்தக் குறுக்கு வழியிலும் இறங்குவதில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். போக்குவரத்து நெரிசலைக் காட்டும் வசதி இதில் இல்லை. மே மாதம் கோடை விழா நடக்கும்போது மலைப் பாதையில் வண்டிகள் வரிசை கட்டி நின்றாலும் இது வழக்கமான நேரத்தைத்தான் சொல்லும். அந்த நாட்களில் அடிவாரத்து டீக்கடை அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, கூட்டம் என்றால் குப்பனூர் வழியாகப் போகிறேன். செயற்கைக்கோள் படம் கிடையாது. இரண்டு சக்கர வண்டிக்கென்று தனி வழி கிடையாது, கார் அல்லது சைக்கிள் என்றுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். சேலத்துக்குள் கதவு எண்ணை வைத்து வீடு தேடுவதற்கு இது உதவாது. செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் எனக்கு இப்போதும் ஆட்களை விசாரிப்பதுதான் வசதி.

இந்தச் செயலி காட்டும் மேப் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்கிற பொதுத் திட்டத்திலிருந்து வருவது. 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது. விக்கிப்பீடியா மாதிரி யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், திருத்தலாம். அப்படியென்றால் நம் ஊரில் ஒரு ரோடு விட்டுப்போயிருந்தால், அதைச் சேர்க்கும் ஆள் இன்னும் வரவில்லை என்று பொருள். என்னைத் தடுத்து நிறுத்திய அந்த எஸ்டேட் ரோடும் அங்கே பொது வழியாகத்தான் போடப்பட்டிருந்தது. கணக்குத் தொடங்கி, அதைத் தனியார் வழி என்று குறித்து, கேட் இருக்கும் இடத்தில் ஒரு கேட்டையும் வைத்தேன். என் முதல் திருத்தம் அதுதான். சில வாரம் கழித்து மேப்பைப் புதுப்பித்து வழி போட்டுப் பார்த்தால், அந்தப் பக்கம் போகாமல் சுற்றி அழைத்துப் போனது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தில் இரவு சாப்பாடே இறங்கவில்லை.

பிறகு ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்று இன்னொரு செயலி கண்ணில் பட்டது. ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்கள் கட்டாயம் பாருங்கள். நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி மேப்பில் விடுபட்டதைச் சின்னச் சின்னக் கேள்வியாகக் கேட்கும். இந்த ரோடு தார் ரோடா மண் ரோடா? இந்த பஸ் ஸ்டாப்பில் நிழற்குடை இருக்கிறதா? உட்கார பெஞ்ச் இருக்கிறதா? இந்த ஸ்டாப்பின் பெயர் என்ன? பதிலைத் தொட்டால் போதும், மேப்பில் ஏறிவிடும். அந்த ஏரியாவை முன்பே இறக்கி வைத்திருந்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் பதில் சொல்லலாம். கீழே வந்ததும் தானாக அனுப்பிக்கொள்ளும்.

ஸ்டாப் பெயர் கேட்கும் அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் பெரிய வேலையாகிவிட்டது. அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்வீஸில் பாதிக்கு மேல் மலை பஸ்தான். முட்டி வலியால் இப்போது படி ஏறுவதே சிரமம், மலைக்குப் போய் நாலு வருடமாகிறது. ஒரு ராத்திரி நான் பெயர் தெரியாத ஸ்டாப் ஒன்றை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கினார்.

"இது என்ன, நாகலூர் போற ரோடா?"

"ஆமாங்கப்பா. இந்த வளைவு தாண்டி ஒரு ஸ்டாப் இருக்கு, பேரு போடல."

இரண்டு விரலால் பெரிதாக்கி, ரோட்டை விரலால் தடவிக்கொண்டே போனார். அப்படியே பஸ்ஸில் நின்று கூவுகிற குரலில் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஒரு ஸ்டேஜும் விடவில்லை. எந்த ஸ்டாப்பில் கிழங்கு மூட்டை ஏறும், எங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறும், எந்த இடத்தில் ஸ்டாப்பே இல்லாவிட்டாலும் கர்ப்பிணிகளுக்காக டிரைவர் நிறுத்துவார் என்பது வரை வந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கண்டிப்பு உண்டு. காப்புரிமை உள்ள வேறு மேப்பைப் பார்த்து எதையும் எழுதக்கூடாது. நாமே நேரில் பார்த்ததை எழுதலாம், உள்ளூர்க்காரராக நமக்குத் தெரிந்ததை எழுதலாம். ஒவ்வொரு திருத்தத்தோடும் இது எங்கிருந்து தெரிந்தது என்று குறிக்க ஓர் இடம் இருக்கிறது. அப்பா சொல்லும் பெயர்களை ஏற்றும்போது அங்கே "உள்ளூர் அறிவு" என்று எழுதுகிறேன். டிக்கெட் கிழித்த காலத்து ஞாபகம் ஒரு ஆதாரமாக அங்கே பதிவாகிறது. அதை அவரிடம் படித்துக் காட்டியபோது ஒன்றும் பேசாமல் கண்ணாடியைத் துடைத்தார்.

தமிழ்ப் பெயருக்கும் அங்கே தனி இடம் உண்டு. நம் பக்கம் நிறைய ஊர்களுக்கு ஆங்கில எழுத்தில் மட்டுமே பெயர் இருக்கிறது. அதைத் தமிழில் சரியாக எழுத ஊர்க்காரர்தான் வேண்டும். றகரமா ரகரமா என்பதே வெளியூர்க்காரருக்குத் தெரியாது. தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகளில் வரும் மேப்புகளும் இந்தத் தரவிலிருந்து தமிழ்ப் பெயரை எடுத்துக் காட்டுகின்றன. அப்பாவும் நானும் இதுவரை 37 ஸ்டாப்புகளுக்கும் ஊர்களுக்கும் தமிழில் பெயர் போட்டிருக்கிறோம்.

புதிதாகத் திருத்த வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல ஆசை. மரத்தடியில் ஜிபிஎஸ் தடுமாறும். காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் நிழலில் நடந்து பதிவு செய்த பாதை, பத்திருபது மீட்டர் தள்ளிக்கூட விழுகிறது. ஒரே பாதையை இரண்டு மூன்று முறை நடந்து பதிவு செய்து, கம்ப்யூட்டரில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் திருத்தும் பக்கம் காட்டும் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பார்த்து, அதற்கப்புறம் வரையுங்கள். இன்னொன்று, எஸ்டேட்டுக்குள் வேலைக்காக நம்மை நம்பி விடுகிறார்கள். அங்கே பார்த்த உள்வழிகளைப் பொது வழி என்று போட்டுவிடாதீர்கள். வார இறுதியில் வருகிற கார்கள் காப்பிக் களத்துக்குள் போய் நிற்கும். வாடிக்கையாளர் விவரம் எல்லாம் என் போனில் இருக்கும் சொந்தப் பட்டியலில் மட்டுமே. பொது மேப்பில் ஒரு வீட்டைக்கூட நான் பெயர் சொல்லிக் குறித்ததில்லை.

போன வாரம் ஒரு ஸ்டாப்பில் பிரச்சினை வந்தது. அப்பா மொட்டைப் பாறை என்றார். நான் நேரில் போய்க் கேட்டால், பஸ்ஸுக்கு நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் டவர் ஸ்டாப் என்றார்கள். பாறையை உடைத்து ரோட்டை அகலமாக்கி விட்டார்களாம், பக்கத்தில் டவர் வந்து ஐந்து வருடம் ஆகிறதாம். அப்பாவிடம் வந்து சொன்னேன்.

"பாறையே இல்லையா?"

"இல்லீங்கப்பா. கல்லு மட்டும் கொஞ்சம் ஓரமாக் கெடக்குது."

கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப பசங்க சொல்றதையே போடு கண்ணு. அவங்கதான ஏறி எறங்கறாங்க."

பழைய பெயருக்கென்றும் அங்கே தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. பெயர் என்ற இடத்தில் டவர் ஸ்டாப், பழைய பெயர் என்ற இடத்தில் மொட்டைப் பாறை. இரண்டையும் எழுதிவிட்டு, அனுப்பும் பொத்தானை அப்பாவையே அழுத்தச் சொன்னேன். வரும் ஞாயிற்றுக்கிழமை குப்பனூர் ரோட்டை எடுக்கிறோம்.