போர் முடிந்தபின் தொடங்கும் காதல் கதை: ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஓராண்டு கடந்திருந்த நேரத்தில், 1946 நவம்பரில், வில்லியம் வைலர் இயக்கி வெளிவந்த இந்த அமெரிக்கப் படத்தில் போர்க்களக் காட்சி ஒன்றுகூட இல்லை. வங்கி வேலையை விட்டுத் தரைப்படைக்குப் போன ஆல், விமானப் படையில் குண்டுவீச்சாளராக இருந்த ஃபிரெட், கடற்படையில் இரு கைகளையும் இழந்த ஹோமர் ஆகிய மூவரும் பூன் சிட்டி என்ற கற்பனை நகரத்துக்கு ஒரே ராணுவ விமானத்தில் திரும்புகிறார்கள். அவர்களுக்கும், காத்திருந்த குடும்பத்தினருக்கும் இடையே விழுந்துவிட்ட தூரம்தான் கதை.

ஹோமராக வரும் ஹரால்ட் ரஸ்ஸல் தொழில்முறை நடிகர் அல்லர். 1944இல் ராணுவப் பயிற்சியின்போது நேர்ந்த வெடிவிபத்தில் உண்மையாகவே கைகளை இழந்தவர். உலோகக் கொக்கிகளால் தீக்குச்சி உரசிப் பிறருக்குச் சிகரெட் பற்றவைக்கும் லாகவத்தைப் பார்த்து நாம் வியக்கும்போதே, அந்த லாகவம் அவருடைய துயரத்தை மறைக்கும் திரை என்பதையும் படம் மெல்ல உணர்த்திவிடுகிறது. தம்மை மணக்கக் காத்திருக்கும் வில்மாவைத் தம் அறைக்கு அழைத்துச் சென்று, கொக்கிகள் பூட்டிய வார்ப்பட்டையைக் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டு, இதன்பிறகு கதவு காற்றில் சாத்திக்கொண்டால்கூடத் தம்மால் திறக்க இயலாது என்று அவர் விளக்குகிறார். அவள் அழவில்லை, வசனமாகப் பொழியவும் இல்லை; அவருடைய இரவுச் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டு, போர்வையை இழுத்து மூடுகிறாள். காதலை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன காட்சிகள் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. இதே வேடத்துக்காக ரஸ்ஸலுக்குச் சிறந்த துணை நடிகர், சிறப்பு விருது என இரண்டு ஆஸ்கர்கள் கிடைத்தன.

கிரெக் டோலண்டின் ஒளிப்பதிவில் அருகிலுள்ளதும் தொலைவிலுள்ளதும் ஒருசேரத் தெளிவாகத் தெரிவதால், யாரைக் கவனிப்பது என்பதை நாமே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. மதுக்கூடத்தில் ஹோமர் கொக்கிகளால் பியானோ வாசித்துக்கொண்டிருக்க, ஆல் அதை ரசிப்பதுபோல நின்றுகொண்டு, கோடியில் இருக்கும் தொலைபேசிக் கூண்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கே ஃபிரெட், ஆலின் மகள் பெகியுடனான உறவை முறித்துக்கொண்டிருக்கிறார். ஒரு சொல்கூட நமக்குக் கேட்பதில்லை.

குறை ஃபிரெட்டின் கதையில்தான். அவருடைய மனைவி மேரி, சீருடையையும் சம்பளத்தையும் மட்டுமே விரும்பியவளாக ஒற்றைப் பரிமாணத்தில் எழுதப்பட்டிருக்கிறாள். போருக்குப் போகும் அவசரத்தில் மணந்து, பழகவே நேரமில்லாமல் பிரிந்த பெண்ணுக்கும் சொல்ல ஒரு நியாயம் இருந்திருக்கும். அதைச் சொல்லவிட்டிருந்தால் ஃபிரெட்–பெகி காதல் இவ்வளவு எளிதில் நம் ஆதரவைப் பெற்றிருக்காது, படமும் இன்னும் கனத்திருக்கும். மாறாக, ஆலின் மனைவி மில்லி, தானும் கணவரும் எத்தனை முறை ஒருவரையொருவர் வெறுத்து மீண்டும் காதலிக்க வேண்டியிருந்தது என்று மகளிடம் சொல்லும் இடத்தில், இருபதாண்டு மணவாழ்க்கையின் முழு எடையும் இறங்குகிறது. மிர்னா லாய் அதைக் குரல் உயர்த்தாமல் சொல்கிறார்.

ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் கறுப்பு வெள்ளைப் படம் இது. விறுவிறுப்பை எதிர்பார்ப்பவர்களுக்கு முதல் ஒரு மணி நேரம் சோதனையாக இருக்கலாம். ஆனால் பின்பகுதியின் கனமெல்லாம் அந்த நிதானத்தில்தான் சேர்கிறது என்பதால், இடையில் ஓட்டிவிடாமல் பார்ப்பது நல்லது.