ராஜினாமாக் கடிதம் கொடுக்க முதல் இதை வாசியுங்கள்

சபை ஊழியத்தில் இருந்துகொண்டு, இறையியலிலோ ஆற்றுப்படுத்தலிலோ (கவுன்சலிங்) வெளிநாட்டில் முதுமாணி (மாஸ்டர்ஸ்) படிக்க ஆசைப்படுகிற மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துத் தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். உங்களைக் குறிவைத்தே போலி முகவர்கள் இயங்குகிறார்கள். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்தாரும் இதில் மாட்டியிருப்பது நான் பொலிசுக்குப் போன பிறகுதான் தெரியவந்தது. எனக்கு நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

நான் மட்டக்களப்பில் ஒரு சபையில் முழுநேர ஊழியனாக இருந்தவன். வாலிபர் ஐக்கியம், வீட்டுச் சந்திப்பு, ஆஸ்பத்திரிச் சந்திப்பு, அடக்க ஆராதனை என்று எல்லாவற்றுக்கும் ஓடுகிற ஆள். செராம்பூர் இறையியல் பட்டம் கையில் இருந்தது. யுத்தம், 2004 சுனாமி, அப்புறம் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு. இத்தனையையும் கண்ட ஊரில் துக்க வீட்டுக்குப் போகிற ஊழியன் ஜெபத்தோடு சேர்த்து ஆற்றுப்படுத்தலையும் முறையாகக் கற்றிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்காகத்தான் இங்கிலாந்தில் மேய்ப்புப் பணியும் ஆற்றுப்படுத்தலும் சேர்ந்த ஒரு முதுமாணி தேடினேன். அந்த ஆசை இன்றும் அப்படியே இருக்கிறது.

என்னை ஏமாற்றிய முகவர் எனக்கு விளம்பரத்தில் அறிமுகமானவர் அல்ல. போதகர்களின் ஐக்கியக் கூட்டம் ஒன்றில் சாட்சி சொல்ல எழும்பினவர். கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம் எல்லார் கையிலும் கார்ட் கொடுத்தார். நகரத்தில் ஒரு கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். உள்ளே போனால் முதலில் ஜெபம், பிறகுதான் கதை.

“பிரதர், ஊழியக்காரரிட்ட நாங்க லாபம் பார்க்கிறதில்ல. ஃபீஸ் முழுக்க ஸ்கொலர்ஷிப். ப்ரொசசிங் ஃபீயும் டெபொசிட்டும் மட்டும்தான் உங்கட பொறுப்பு. மிஸிஸையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம்” என்றார்.

முதலில் ஒன்றரை இலட்சம் கட்டினேன். கொஞ்ச நாளில் ஓஃபர் லெட்டர் வட்ஸ்அப்பில் வந்தது. அப்புறம் இடத்தை உறுதிப்படுத்த ஒன்பது இலட்சம் டெபொசிட் என்றார்கள். மனைவியின் நகை அடகுக்குப் போனது, அவளுடைய அண்ணன் மிச்சத்தைத் தந்தார். காசு போனது அந்த ஆளுடைய சொந்த வங்கிக் கணக்கிற்கு. “இங்கிருந்து டொலராக அனுப்புவது கஷ்டம், நாங்கள் மொத்தமாக அனுப்புவோம்” என்று காரணம் சொன்னார்.

அதற்குப் பிறகு கேட்டதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. நான் வேலையை விட்டுவிட்டேன் என்பதற்கு விசா அதிகாரி ஆதாரம் கேட்பாராம். சபைத் தலைமை ஏற்றுக்கொண்ட ராஜினாமாக் கடிதம் வேண்டும், அதுவும் மாத முடிவுக்குள் வேண்டும் என்றார். எங்கள் போதகர் ஐயா, “படிப்பு விடுப்பு எழுதித் தரலாமே தம்பி, ஏன் விலகுகிறாய்?” என்று கேட்டார். நான் அதை முகவரிடம் சொன்னபோது, விடுப்புக் கடிதம் வைத்தால் விசா கட்டாயம் நிராகரிக்கப்படும் என்று அடித்துச் சொன்னார். கடிதம் கொடுத்தேன். சம்பளம் நின்றது, சபை தந்த வீட்டையும் விட்டு மாமி வீட்டுக்கு வந்தோம்.

அடுத்த கிழமையே பேச்சு மாறியது. “ஸ்கொலர்ஷிப் பாதிதான் சரிவந்திருக்கு பிரதர், இன்னும் பன்னிரண்டு இலட்சம் தேவைப்படும்.” கூடவே இன்னொன்றும் சொன்னார். விசாவுக்காக என் வங்கிக் கணக்கில் காட்ட வேண்டிய காசை அவர்களே காட்டுவார்களாம், அதற்குத் தனிக் கமிஷன்.

இதைக் கவனமாக யோசித்துப் பாருங்கள். வேலை கையில் இருக்கிறவன் இந்த இடத்தில் “வேண்டாம், என் காசைத் தாருங்கள்” என்று எழும்பிவிடுவான். வேலையும் வீடும் போனவனுக்குத் திரும்பிப் போக இடமில்லை. கேட்கிற காசை எங்கேயாவது புரட்டிக் கொடுக்கத்தான் பார்ப்பான். ராஜினாமாக் கடிதம் கேட்டது அதற்காகத்தான். பிரித்தானிய மாணவர் விசாவுக்குக் கேட்கிற ஆவணங்களில் ராஜினாமாக் கடிதம் என்று ஒன்றே கிடையாது.

நல்ல காலம், எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் வளர்ந்த ஒரு தங்கச்சி இங்கிலாந்தில் தாதியாக வேலை செய்கிறாள். ஓஃபர் லெட்டரை அவளுக்கு அனுப்பினேன். அன்றிரவே கோல் எடுத்து, “அண்ணா, இந்தக் கொலிஜ் லிஸ்ட்டிலயே இல்ல” என்றாள். மாணவர் விசாவுக்கு அனுசரணை வழங்க உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை பிரித்தானிய அரசாங்கம் தன் இணையத்தளத்தில் எல்லாரும் பார்க்கப் போட்டு வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாத இடம் உங்களுக்கு ‘காஸ்’ தர முடியாது. காஸ் என்பது அனுமதியை உறுதிப்படுத்தி அந்த நிறுவனம் தருகிற இலக்கம். அது இல்லாமல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

அந்தக் கடிதம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. மேலே ஒரு கேடயச் சின்னம். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது. மின்னஞ்சல் முகவரி ஜிமெயில். பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் முகவரி பொதுவாக ‘டொட் ஏசி டொட் யுகே’ என்று முடியும். என் பெயர் இருக்கிற வரி மட்டும் வேறு எழுத்தில், கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது. பிறகு அக்கரைப்பற்றிலிருந்து வந்த ஒரு சகோதரனைப் பொலிசில் சந்தித்தேன். இருவர் கடிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டிலும் ஒரே மாணவர் இலக்கம். அவருடைய பெயரும் அதே தடிப்பு எழுத்தில்தான்.

குடும்பத்தைக் கூட்டிப் போகலாம் என்றதும் பொய். 2024 ஜனவரியிலிருந்து தொடங்குகிற படிப்புகளில், ஆய்வுப் பட்டம், அரச நிதியில் படிப்பது போன்ற சிலவற்றைத் தவிர, சாதாரண முதுமாணி மாணவர்கள் மனைவி பிள்ளைகளைத் தங்கள் விசாவோடு சேர்த்து அழைக்க முடியாது. சின்னப் பிள்ளைகள் இருக்கிற ஊழியர்களை மடக்க இந்த ஒரு பொய்யே போதும், அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

‘காசு காட்டுகிறோம்’ என்பது அதைவிட ஆபத்தானது. தேவையான தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. பொய் ஆவணம் வைத்துப் பிடிபட்டால் விசா நிராகரிப்போடு போகாது, 10 வருடம் வரை தடை விழலாம். தடை விழுவது முகவருக்கு அல்ல, உங்களுக்கு. என் விண்ணப்பம் அந்தக் கட்டத்துக்குப் போகாததற்காக ஒவ்வொரு நாளும் கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன்.

டெபொசிட் கேட்பது மட்டும் வைத்துப் பொய் என்று சொல்ல முடியாது. காஸ் கொடுக்க முதல் முற்பணம் கேட்கிற பல்கலைக்கழகங்கள் நிறைய உண்டு. ஆனால் அந்தக் காசு பல்கலைக்கழகத்தின் கணக்கிற்கு நேரே போகும், பற்றுச்சீட்டும் அங்கிருந்தே வரும். தனி ஆளின் கணக்கிற்குப் போகாது. உண்மையான முகவர்களுக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே கமிஷன் கொடுக்கிறது. முகவரே இல்லாமல் நீங்களே இணையத்தில் விண்ணப்பிக்கவும் முடியும். பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு இலங்கையர் விண்ணப்பிக்கலாம், விண்ணப்பக் கட்டணம் இல்லை, இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள். படித்து முடித்து இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. சபைக்குத் திரும்பி வர நினைக்கிறவர்களுக்கு அது ஒரு பாரமே இல்லை.

அமெரிக்கா, கனடா என்று சொல்லி வருகிறவர்களிடமும் இதே அவதானம் வேண்டும். அமெரிக்காவுக்கு ‘ஐ-20’ படிவம் கல்லூரியிலிருந்தே வரும். முகவர் அடித்துத் தருகிற சாமான் அல்ல. கனடா 2023 டிசம்பரிலிருந்து ஒவ்வொரு அனுமதிக் கடிதத்தையும் கல்லூரியிடமே கேட்டுச் சரிபார்க்கிறது. போலிக் கடிதத்தோடு மாணவர்கள் வந்து சிக்கியதால்தான் அதைத் தொடங்கினார்கள். இன்னொன்று, இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர்களுக்கானது. அந்தச் சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டுப் படிப்புக்கு அனுப்புகிறோம் என்றால் நம்ப வேண்டாம். இதே அலுவலகம் வயதான போதகர்மாருக்குக் காசுக்கு ‘கௌரவ டாக்டர்’ பட்டமும் வாங்கிக் கொடுத்திருக்கிறது. அதைக் கேட்டபோது எனக்கு என் காசு போனதைவிட நொந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் மங்கலாக ஒரு முத்திரை, ‘ஆலோசனைக் கட்டணம், மீளளிக்கப்படமாட்டாது’ என்று. டெபொசிட் என்று சொல்லி வாங்கின ஒன்பது இலட்சமும் அவர்கள் கணக்கில் ஆலோசனைக் கட்டணம்தான். பொலிசுக்குப் போவேன் என்றதும் முகவர் தெரிந்த ஊழியர் இருவரை என் வீட்டுக்கு அனுப்பினார். “விசுவாசி விசுவாசி மேல வழக்குக்குப் போகலாமா பிரதர்? ஒன்று கொரிந்தியர் ஆறு தெரியாதா?” என்று கேட்டார்கள். தெரியும், அதைப் பல தரம் பிரசங்கித்தும் இருக்கிறேன். அதே அதிகாரத்தில் பவுல் சகோதரருக்கு அநியாயஞ்செய்து நஷ்டப்படுத்துகிறவர்களையும் கண்டிக்கிறார். அநியாயம் நடந்தபோது அவரே இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்தார். ஏழை ஊழியனின் மனைவியுடைய நகையை எடுத்துக்கொண்டு வேதவசனத்தால் வாயை மூடப் பார்ப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். சபைகளில் மேடை கொடுக்கிற மூப்பர்மாரிடமும் கேட்கிறேன்: சாட்சி சொல்ல எழும்புகிற ஆள் கார்ட் கொடுக்கத் தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள்.

முறைப்பாடு கொடுத்தாயிற்று, விசாரணை நடக்கிறது. அதனால்தான் பெயரை இங்கே எழுதவில்லை. எங்கள் சபை என்னைப் பகுதிநேரமாகத் திரும்ப எடுத்திருக்கிறது. அடகுக்கு வட்டி கட்டிக்கொண்டு இருக்கிறோம்.

இதே மாதிரிக் காசு கட்டினவர்கள் வங்கி வைப்புத் துண்டு, பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் உரையாடல், குரல் பதிவு எதையும் அழிக்காமல் வையுங்கள். போனை மாற்றினால் முதலில் பிரதி எடுங்கள். உங்கள் பிரதேசப் பொலிசில் தனித்தனியாக என்றாலும் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கும் சொல்லலாம். இப்போது அந்த முகவர் பாதிக் காசைத் தருகிறேன், முறைப்பாட்டை வாபஸ் வாங்குங்கள் என்று ஆள் விட்டுக்கொண்டிருக்கிறார். உங்களிடமும் வருவார்கள். காசு கணக்கில் விழ முதல் எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.