படத் தொகுப்பில் ஃபீல்டுகளை மொத்தமாகத் திருத்துவது: டெல்லிகோவுடன் பல வருட அனுபவம்

வீட்டில் இருக்கும் சினிமா டிஸ்க்குகளுக்குப் பட்டியல் போட மென்பொருள் தேடுபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, போஸ்டர் தானாக இறங்குமா என்பதுதான். என்னைக் கேட்டால் வேறு ஒன்றைப் பார்க்கச் சொல்வேன். நாமே சேர்த்துக்கொண்ட ஒரு ஃபீல்டை, அதாவது டிஸ்க் இருக்கும் இடம் போன்ற ஒரு தகவல் கட்டத்தை, இருநூறு படங்களில் ஒரே தடவையில் மாற்ற முடியுமா? முடியாது என்றால், தொகுப்பு பெரிதானதும் பட்டியலைக் கைவிட்டுவிடுவோம். அப்படிப் பாதியில் நின்ற பட்டியல்களை நண்பர்கள் வீட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் இருப்பது வேலூர் சத்துவாச்சாரியில். ஆற்காட்டில் வீடியோ கேசட் வாடகைக் கடை நடத்திய சித்தப்பாவின் கேசட்டுகளும் வி.சி.டி.க்களும் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தன. ஆந்திர எல்லை பக்கத்திலேயே என்பதால் தெலுங்குப் படங்களும் கணிசம். முதலில் ஒரு செல்போன் செயலியில் பட்டியல் வைத்திருந்தேன். அதில் ஒவ்வொரு படமாகத் திறந்துதான் திருத்த வேண்டும். அதிலிருந்து சி.எஸ்.வி.யாக (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பு) எடுத்து லினக்ஸில் டெல்லிகோவுக்கு மாறினேன். இலவசம், கட்டற்ற மென்பொருள், இன்றுவரை அதுதான்.

டெல்லிகோவில் பல படங்களைத் தேர்ந்தெடுத்துத் திருத்தும் பலகையைத் திறந்தால், ஒவ்வொரு ஃபீல்டுக்குப் பக்கத்திலும் ஒரு டிக் பெட்டி வரும். டிக் இருக்கும் ஃபீல்டு மட்டுமே மாறும், மற்றவை அப்படியே இருக்கும். எளிமையான ஏற்பாடுதான், ஆனால் இதைவிடப் பாதுகாப்பான முறையை நான் பார்க்கவில்லை. பீரோவில் இருந்த ஒரு பெட்டி டிஸ்க்கை மாடி அலமாரிக்கு மாற்றினால், 'இருக்கும் இடம்' என்ற ஃபீல்டில் வடிகட்டி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, புது இடத்தை எழுதிச் சேமித்தால் முடிந்தது. தவறாகப் போனால் பின்வாங்கும் வசதியும் உண்டு.

ஆனால் தமிழ் சினிமாவுக்கு முக்கியமான ஒரு ஃபீல்டு டெல்லிகோவில் முன்கூட்டியே கிடையாது: பின்னணி பாடியவர்கள். நாமேதான் சேர்க்க வேண்டும். ஒரு படத்தில் பலர் பாடியிருப்பார்கள் என்பதால், பல மதிப்புகளை அனுமதிக்கும் ஃபீல்டாக அதை வைத்து, பெயர்களுக்கு நடுவே அரைப்புள்ளி போட வேண்டும். இடது பக்கத்தில் அந்த ஃபீல்டின்படி குழுவாகப் பிரித்துப் பார்த்தால்தான் பட்டியலின் உண்மையான நிலை தெரியும். டி.எம்.சௌந்தரராஜன் ஒரு குழு. டி.எம்.சவுந்தரராஜன் இன்னொரு குழு. அப்புறம் மூன்றாவதாக ஒன்று, முதலாவதைப் போலவே தெரியும். 'சௌ' என்பதை ஔகாரக் குறியோடு அடிக்காமல் 'செ' போட்டுப் பக்கத்தில் 'ள' அடித்திருப்பார்கள். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, கணினிக்கோ அது வேறு பெயர். பி.சுசீலாவும் பி.சுசிலாவும் தனித்தனி ஆளாக நிற்பார்கள். இனிஷியலுக்குப் பிறகு ஒரு இடைவெளி விட்டாலும் இன்னொரு குழு பிறந்துவிடும்.

இதை அந்தப் பலகையில் திருத்தக் கூடாது. அது ஃபீல்டில் இருப்பதை முழுவதுமாக மாற்றிவிடும். டி.எம்.எஸ். பெயரைச் சரி செய்யப் போனால், அந்தப் படங்களில் உடன் பாடியவர்கள் எல்லோரும் காணாமல் போவார்கள். இசையமைப்பாளர் ஃபீல்டிலும் இதே ஆபத்து. 1965 வரை விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் சேர்ந்தே இசையமைத்தார்கள். 'விஸ்வநாதன்' என்று வடிகட்டி மொத்தமாக 'எம்.எஸ்.விஸ்வநாதன்' என்று மாற்றினால், அறுபதுகளின் முதல் பாதியில் ராமமூர்த்தியின் பெயரே இருக்காது. அவருக்குச் சேர வேண்டிய இடத்தை ஒரு சொடுக்கில் பறிப்பதாகும் அது. வீட்டுப் பட்டியல்தானே என்று விட்டுவிடக் கூடாது.

இதற்கு நல்ல வழி, தொகுப்பை எக்ஸ்.எம்.எல். கோப்பாக ஏற்றுமதி செய்து, ஏதாவதொரு உரைத் திருத்தியில் தேடி மாற்றுவது. அதில் ஒவ்வொரு பெயரும் தனித்தனிக் குறிக்குள் (tag) இருக்கும். பெயரை மட்டும் தேடாமல், முன்னும் பின்னும் உள்ள குறிகளையும் சேர்த்துத் தேடினால் அந்த ஒரு பெயர் மட்டும் மாறும், பக்கத்துப் பெயர்கள் தப்பிக்கும். மாற்றியதை மறுபடி டெல்லிகோவில் திறந்து, குழுக்களைப் பார்த்துவிட்டுத்தான் பழைய கோப்பின் மேல் சேமிக்க வேண்டும். சி.எஸ்.வி. வழியும் உண்டு. ஆனால் '3-5' என்று அலமாரி எண் வைத்திருந்தால், விரிதாள் அதைத் தேதியாக்கிவிடக்கூடும். அந்தப் பத்தியை உரை என்று முன்பே குறிப்பது நல்லது.

பலகை முழுமையாகக் கைகொடுத்தது மாவட்ட ஃபீல்டில். எந்தக் கடையின் கேசட் என்பதற்கு ஊரும் மாவட்டமும் குறித்து வைக்கிறேன், ஏனென்றால் அந்த வாடகைக் கடைகள் எதுவும் இப்போது இல்லை. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் என்று வடிகட்டி ராணிப்பேட்டை. ஆம்பூர், வாணியம்பாடிக்குத் திருப்பத்தூர். காட்பாடியையும் குடியாத்தத்தையும் தொடவே வேண்டாம். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த சித்தப்பா, "ஸ்டிக்கர்ல இருக்கறத அழிச்சிடாதப்பா" என்றார். பழைய கேசட்டுகளில் 'வ.ஆ. மாவட்டம்' என்றுதான் முத்திரை இருக்கும். வட ஆற்காடு 1989-இல் பிரிந்தது, ஆக அந்த இரண்டு எழுத்தே கேசட்டின் வயதை ஓரளவு சொல்லிவிடும். அதற்கு 'அட்டையில் உள்ளபடி' என்று தனி ஃபீல்டு இருக்கிறது. அதை மொத்தத் திருத்தத்தில் நான் தொடுவதே இல்லை. வீட்டில் வேறு யார் உட்கார்ந்தாலும் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

கத்திரி வெயில் முடிந்ததும் டிஸ்க்குகளைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். வேலூர் வெயில் வீட்டில் எழுதிய சி.டி.க்களுக்கு ஆகாது. அவற்றில் தகவல் பதிவது சாயப்பூச்சில், சூடும் வெளிச்சமும் அதைக் கெடுக்கும். ஒரு பெட்டி பார்த்து முடித்ததும் ஓடிய படங்களையெல்லாம் தேர்ந்தெடுத்து 'சோதித்த நாள்' ஃபீல்டில் அன்றைய தேதி. ஓடாதவற்றை விட்டுவிடுவேன், தேதி பழையதாக நிற்பதே அடையாளம். இதில் வி.சி.டி. மட்டும் தொல்லை. ஒரு டிஸ்க்கில் 74 அல்லது 80 நிமிடம்தான் கொள்ளும் என்பதால் நம் படங்கள் இரண்டு, மூன்று டிஸ்க்கில் வரும். இரண்டாவது மட்டும் கெட்டிருந்தால் எங்கே எழுதுவது? அட்டவணை வகை ஃபீல்டு வைத்தால் மொத்தத் திருத்தத்தில் அதுவும் முழுதாக அழிந்து எழுதப்படும். அதனால் 'டிஸ்க் 1', 'டிஸ்க் 2', 'டிஸ்க் 3' என்று மூன்று தனித் தேர்வு ஃபீல்டுகள் வைத்திருக்கிறேன்: நன்று, நடுவில் நிற்கிறது, ஓடாது. பார்க்கக் கொஞ்சம் அடைசலாக இருக்கும். ஆனால் ஒவ்வொன்றையும் தனியே டிக் போட்டு மாற்றலாம். இப்போது 'நடுவில் நிற்கிறது' என்று வடிகட்டி வரும் டிஸ்க்குகளைத்தான் முதலில் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.