மூன்று வருடம் ஆன என் கோல்ஃப் பட்டரும் அதன் வளைந்த ஷாஃப்ட்டும்

போன வாரம் மச்சான் போன் செய்தான். "நானும் உன்னை மாதிரி பாகங்களை வாங்கிச் சொந்தமா ஒரு கோல்ஃப் பட்டர் சேர்க்கப் போறேன், எந்த ஷாஃப்ட் வாங்கட்டும்?" என்று கேட்டான். பட்டர் என்பது பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டை, ஷாஃப்ட் அதன் தண்டு. அதற்கு இரண்டு நாள் முன்புதான் என் பட்டரின் தலையைக் கழற்றி மறுபடி ஒட்டியிருந்தேன். அந்தக் கோபத்தில் அவனிடம் சரியாகப் பேசவில்லை. சொல்ல நினைத்ததை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

என்னுடையது 350 கிராம் தலை, பழையதாக வாங்கியது. அதில் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் கழுத்து கிடையாது, மேலே 0.370 அங்குலத் துளை மட்டும்தான். அதற்கு இரண்டு இடத்தில் வளைந்த எஃகு ஷாஃப்ட் ஒன்றைப் போட்டேன். ஷாஃப்ட் 80 வெள்ளிக்குள் கிடைத்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். குனிந்து பார்த்தால் பந்துக்குப் பின்னால் தலையின் முகம் முழுதாகத் தெரியும், எதுவும் மறைக்காது. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் கிரீன்கள், அதாவது குழியைச் சுற்றியுள்ள புல்தரைகள், மெதுவானவை. மழை பெய்த மறுநாள் பந்தை நன்றாகத் தட்டினால்தான் போகும். அப்படித் தட்டும்போதும் இந்த எஃகு தண்டு வழியாக ஒரு 'டக்' கைக்கு வந்து சேரும். நடுவில் பட்டதா, ஓரத்தில் பட்டதா என்று பார்க்காமலே தெரிந்துவிடும். நண்பர் ஒருவர் கார்பனும் எஃகும் சேர்ந்த விலை உயர்ந்த ஷாஃப்ட் போட்டிருக்கிறார். அவருடையதைக் கேட்டு வாங்கித் தட்டிப் பார்த்தேன். நீண்ட தூரத்தில் அது இன்னும் நேராகப் போவது உண்மைதான். ஆனால் அந்த 'டக்' அதில் இல்லை, எனக்கு அது வேண்டும்.

இனி வயிற்றெரிச்சல்.

நேர் ஷாஃப்ட்டை ஒட்டும்போது அது துளைக்குள் எப்படித் திரும்பினாலும் கவலை இல்லை. கைப்பிடியில் மாட்டும் ரப்பர் உறையான கிரிப்பைக் கடைசியில்தான் போடுகிறோம். அதன் தட்டையான பக்கத்தை முகத்துக்கு நேராக வைத்தால் கணக்கு சரியாகிவிடும். வளைந்த ஷாஃப்ட் அப்படியல்ல. அது துளைக்குள் 3 டிகிரி திரும்பினால் கைப்பிடி ஏறக்குறைய 1 டிகிரி முன்னாலோ பின்னாலோ சாயும். கிரிப்பை எப்படி வைத்தாலும் அந்தச் சாய்வு போகாது.

நான் ஒட்டியது ஒரு சனிக்கிழமை ராத்திரி. கோல்ஃப் மட்டைக்கான எபோக்சி ஒட்டுதான், காய 24 மணி நேரம் ஆகும். பட்டரை அப்படியே சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். ஒட்டு இறுகுவதற்குள் ஷாஃப்ட் தன் எடையிலேயே திரும்பிக்கொண்டது. கைப்பிடி பின்னால் சாய்ந்ததில் முகம் மேலே பார்த்தது. பட்டருக்கு இருக்கும் லாஃப்டே, அதாவது முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவே, 3, 4 டிகிரிதான். அது கூடியதும் பந்து உருளாமல் முதலில் துள்ளியது.

ஹீட் கன்னால் சூடாக்கித் தலையைக் கழற்றினேன். இந்த முறை திரும்ப நேரமே கொடுக்கக் கூடாது என்று இரும்புக் கடையில் ஐந்து நிமிடத்தில் இறுகும் ஒட்டு வாங்கிப் போட்டேன். மூன்று வருடம் அது தாங்கியது. போன மாதம் ஆலை வாசலில் காரை நாள் முழுக்க வெயிலில் நிறுத்தியிருந்தேன், பட்டர் பூட்டில் கிடந்தது. அந்தச் சூட்டில் ஒட்டு இளகித் தலை 2 டிகிரி போலத் திரும்பிவிட்டது. எனக்கு அது தெரியவில்லை. இரண்டு வாரமாகப் பந்து வலப்பக்கமே போக, தப்பு என் கையில்தான் என்று நினைத்து நிற்கும் விதத்தையே மாற்றிக்கொண்டேன். 8 அடியில் 2 டிகிரி தவறினால் பந்து ஏறக்குறைய 8.5 சென்டிமீட்டர் விலகும். குழியின் நடுவிலிருந்து விளிம்பு வரை 5.4 சென்டிமீட்டர்தான். எப்படி விழும்?

இந்த முறை ஆலைப் பட்டறையில் வைத்துச் செய்தேன். தலையின் முகத்தை இரும்புத் தகட்டில் படுக்கவைத்து, மூலைமட்டம் பிடித்து, ஷாஃப்ட்டை ஜி-கிளாம்ப்பில் இறுக்கி, 24 மணி நேரம் யாரையும் தொட விடவில்லை. இப்போது சரியாக இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு முறை காரை விட்டு இறங்கும்போதும் பட்டரை வெளியே எடுத்து முகத்தைப் பார்க்கிறேன். இந்தச் சந்தேகம் இனி போகாது போலிருக்கிறது.

இன்னொன்று. வளைந்த ஷாஃப்ட்டில் நீளம் குறைப்பதானால் கைப்பிடிப் பக்கம்தான் வெட்ட வேண்டும். நுனியை வெட்டினால் வளைவு கீழே இறங்கி, துளைக்குள் போக வேண்டிய நேர்ப்பகுதி குறைந்துவிடும். கோல்ஃப் விதியிலும் ஒரு கட்டு இருக்கிறது. தலையின் அடிப்பாகத்திலிருந்து 5 அங்குலத்துக்கு மேல் ஷாஃப்ட் நேராக இருக்க வேண்டும். அதனால் இன்னும் கொஞ்சம் வளைத்துப் பார்க்கலாம் என்று இறங்காதே.

மச்சான், உனக்கு நான் சொல்வது நேர் ஷாஃப்ட்தான். 1966இல் பிங் நிறுவனர் கார்ஸ்டன் சோல்ஹைம் செய்த 'ஆன்சர்' பட்டர் மாதிரி கழுத்து உள்ள தலையாகப் பார். அதில் வளைவு வேலையைக் கழுத்தே செய்துவிடும், ஷாஃப்ட் சும்மா நேராக நின்றால் போதும். வாங்கும் முன் துளை 0.355ஆ 0.370ஆ என்று அளந்துகொள். ஒட்டு மட்டும் நல்லதாக வாங்கு.

என் பட்டரை விலைக்குத் தருவேனா என்றும் கேட்டாய். தரமாட்டேன். ஒட்டும் நாளைச் சொல், மூலைமட்டத்தோடு வந்துவிடுகிறேன்.